கல்லூரியில் படித்துக்கொண்டே புகைப்படமும் படமும்: சிங்கப்பூர் மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

புகைப்படமும் திரைப்படமும் கற்க ஆசைப்படும் மாணவர் முதலில் கேட்பது, “எந்தக் கேமரா வாங்கலாம்?” வீட்டில் கேட்பது, “இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். முதலில் சின்னதாக ஒன்றை எடுத்து, முடித்து, நாலு பேர் பார்க்கும்படி வையுங்கள். சேர்க்கை நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள். பிறகு வேலை கொடுப்பவரும் அதைத்தான் பார்ப்பார். பாதியில் நிற்கும் பத்துத் திட்டங்களை யாருக்கும் காட்ட முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரே ஒரு படைப்பைச் சுற்றி எழுதுகிறேன். உங்கள் புளோக்கின் கீழேயோ பக்கத்துப் புளோக்கிலோ ஒரு மாமா கடை இருக்கலாம். ரொட்டி, ஐஸ்கிரீம், நாளிதழ், பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான் என்று எல்லாம் ஒரு சின்ன இடத்தில் அடுக்கிய கடை. இப்படிப்பட்ட கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கடையைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்றும், பத்துப் பன்னிரண்டு படங்கள் கொண்ட புகைப்பட வரிசை ஒன்றும் செய்வதாக வைத்துக்கொள்வோம். மாமா கடை இல்லையென்றால் தையல் கடை, முடிதிருத்தும் கடை, உங்கள் பாட்டியின் சமையலறை எதுவானாலும் சரி. நடந்தே போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பலமுறை போக வேண்டியிருக்கும்.

முதல் படி: எங்கே படிப்பது

இந்தத் துறைக்குப் பல வாசல்கள் உண்டு. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் திரைப்பட, ஊடகப் பள்ளி இருக்கிறது. 2013ல் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான கேமரா டோர் விருது வாங்கிய இயக்குநர் ஆண்டனி சென் அங்கே படித்தவர். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் வடிவமைப்புப் பள்ளியிலும் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் ஊடகப் படிப்புகள் உண்டு. பட்டப்படிப்புக்கு லாசால் கலைக் கல்லூரி, நன்யாங் நுண்கலைக் கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2005ல் தொடங்கிய கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி ஆகியவை இருக்கின்றன. லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்து உருவான சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது.

உயர்நிலைப் பள்ளியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ கடைசி ஆண்டில் இருப்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்தைத் தவறவிடக் கூடாது. இறுதித் தேர்வு முடிவு வருமுன்பே உங்கள் ஆர்வத்தையும் படைப்பையும் பார்த்து, நிபந்தனையோடு இடம் தருவார்கள். மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் கையிலிருக்கும் வேலையைக் காட்ட இது நல்ல வாய்ப்பு. கட்டணத்துக்கு, உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப வருமானம் குறைவு என்றால் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவித் திட்டங்களையும் விசாரியுங்கள்.

வேறு துறை படிப்பவர்களும் இதைச் செய்யலாம். கணக்கியல் படித்துக்கொண்டே கல்லூரியின் புகைப்பட இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்து நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள். கீழே வரும் எதற்கும் ஊடகப் பட்டயம் தேவையில்லை.

இரண்டாம் படி: கருவி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மாணவர்கள் தேவைக்கு மேல் நேரம் செலவிடுகிறார்கள். கைபேசி போதும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டால் ஷட்டர் வேகம் (வெளிச்சம் விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு), வெள்ளைச் சமநிலை (நிறத்தைச் சரிசெய்வது) மூன்றும் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். ஊடக மாணவர் என்றால் கல்லூரியின் கருவிக் கிடங்கில் இரவல் வாங்குங்கள். சொந்தமாக வாங்கியே ஆக வேண்டுமென்றால் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

பணத்தை முதலில் போட வேண்டியது மைக்கில். அடுத்தது டிரைபாட் என்ற முக்காலி. அதற்கடுத்துக் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் டிரை கேபினட் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே போனதும் கேமராவை உடனே பையிலிருந்து எடுக்காதீர்கள், கண்ணாடி முழுக்க நீர் படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஆளைப் பழகுவது, அனுமதி வாங்குவது

முதல் நாள் கேமராவோடு போகாதீர்கள். ஒரு மைலோ பாக்கெட் வாங்கிக்கொண்டு பேசுங்கள். இரண்டு மூன்று முறை போய் முகம் பழகியதும் நேராகக் கேளுங்கள். “அண்ணே, நான் இதே புளோக்தான், காலேஜ்ல படம் எடுக்கக் கத்துக்கிறேன். உங்க கடையைப் பத்தி ஒரு சின்னப் படம் எடுக்கலாமா?” வயதில் பெரியவர் என்றால் அங்கிள் என்று கூப்பிடுங்கள். படத்தை எங்கே காட்டப் போகிறீர்கள், எத்தனை நாள் வருவீர்கள், எந்த நேரம் வந்தால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இராது என்பதை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அவர் சம்மதித்ததைப் பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். தமிழில் அரைப்பக்கம் போதும். விழாக்களுக்கு அனுப்பும்போது இந்தத் தாளைக் கேட்கலாம்.

வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். மறுநாள் போய்க் கெஞ்சுவது, தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பது இரண்டும் தவறு. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும் வெளிநாட்டு ஊழியர்களை இப்படித்தான் பலர் எடுக்கிறார்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டுப் புல்தரையில் படுத்திருக்கும் மனிதரின் முகத்தை, அவருக்கே தெரியாமல் எடுத்து ‘வாழ்க்கை’ என்று தலைப்பு வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஊர் எது என்று கேளுங்கள். நமக்குத் தமிழ் தெரியும், அது பெரிய வசதி. பேசிய பிறகு எடுக்கும் படத்தில் அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

இடத்துக்கும் அனுமதி வேண்டும். அடுக்குமாடிக் கீழ்த்தளம் போன்ற பொது இடங்கள் நகர மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை. விளக்கு, டிரைபாட், ஆட்கள் என்று போவதானால் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கல்லூரியின் கடிதத்தை இணைத்தால் வேலை எளிதாகும். எம்ஆர்டி நிலையத்துக்குள் படப்பிடிப்பு என்றால் ரயில் நிறுவனத்திடமும், பூங்கா என்றால் தேசிய பூங்காக் கழகத்திடமும், கோயில் என்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். துப்பாக்கி ஏந்திய காவலர் படம் போட்ட சிவப்புப் பலகை தெரிந்தால் அது பாதுகாக்கப்பட்ட இடம், கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கதையில் போலித் துப்பாக்கியோ போலீஸ் உடையோ வந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் பொது இடத்தில் எடுக்கவே கூடாது. டிரோன் 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். சாங்கி, பாய லேபார், சிலேத்தார் என்று வட்டம் போட்டுப் பார்த்தால் தீவில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று தெரிந்துவிடும். மாமா கடைக்கு டிரோன் எதற்கு? முதல் படத்தில் அதை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: நம் ஊர் வெளிச்சத்தைப் படிப்பது

இணையத்தில் கிடைக்கும் புகைப்படப் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பொன்னிற வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவார்கள். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும், மாலை ஏழு மணியை ஒட்டி மறையும். மறைந்தபின் வானம் நீலமாக இருப்பது இருபது நிமிடம்தான். ஆறரைக்கே டிரைபாடை நிறுத்தித் தயாராக இருந்தால்தான் அது கிடைக்கும்.

இன்னொன்று. நம் கடிகாரம் பகல் ஒரு மணியைக் காட்டும்போதுதான் சூரியன் உச்சியில் இருக்கிறது, பன்னிரண்டுக்கு இல்லை. பதினொன்று முதல் மூன்று வரை வெயிலில் நிற்கவைத்து எடுத்த முகங்களில் கண் இரண்டும் கருங்குழியாகத் தெரியும். ஆனால் அதே நேரத்தில் கீழ்த்தளத்துக்குள் போய்ப் பாருங்கள். வெளியே வெயில் பட்ட சிமெண்டுத் தரையிலிருந்து வெளிச்சம் எதிரொளித்து, பக்கவாட்டில் மெத்தென்று உள்ளே வரும். தேக்காவின் ஐந்தடி நடைபாதைகளிலும் இதே கதைதான். மற்றவர்கள் கேமராவை மூடிவைக்கும் அந்த நேரம்தான் மாமா கடைக்காரரின் முகத்தை எடுக்க நல்ல நேரம்.

இங்கே நம் தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேமராவின் வெளிச்சமானி, எதிரே இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. கருத்த முகம் ஒன்றைக் கீழ்த்தளத்தில், பின்னால் வெயில் அடிக்கும் கார் நிறுத்துமிடம் தெரியும்படி நிறுத்தினால், கேமரா அந்த வெயிலைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும். முகம் நிழலுருவமாகிவிடும். பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும், புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் தெரியும். பள்ளி ஆண்டு மலர்களில் நம் பிள்ளைகளின் முகம் எத்தனை முறை இப்படி வந்திருக்கிறது!

செய்ய வேண்டியது எளிது. ஆளைத் திருப்புங்கள். திறந்த பக்கம் அவர் முகத்துக்கு நேராகவோ ஒருபக்கமாகவோ வரட்டும், பின்னணியில் கடையின் உட்புறம் இருக்கட்டும். கைபேசித் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்குச் சரியாக இருந்தால் போதும், பின்னணி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. கருத்த தோல் ஒளியை அழகாக எதிரொளிக்கும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் அந்த மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. அதைக் கொண்டுவர பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய வெள்ளை நுரைப்பலகை ஒன்று போதும். ஒரு நண்பர் அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பவுடர் போட்டு மினுமினுப்பை முழுக்க மறைக்க வேண்டாம். தோலை ‘பளிச்’சென்று ஆக்கும் அழகூட்டும் வசதி கைபேசியில் இருந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

மாலையில் கடையின் குழல் விளக்கு எரியும்போது இன்னொரு சிக்கல் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கைபேசிகள் வழக்கமாக விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுப்பவை, அப்போது ஷட்டர் 1/60 ஆகிவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள், ஒரே காட்சிக்குள் நிறம் மாறிக்கொண்டே போகும். தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் எடுப்பவர்கள் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே எடுங்கள். எல்இடியின் சிவப்பும் ஊதாவும் ஒருமுறை வெளுத்துவிட்டால் மீட்க முடியாது.

ஐந்தாம் படி: ஒலி

காட்சி கொஞ்சம் ஆடினாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே வையுங்கள். கடையில் ஓடும் வானொலியை, பேட்டி எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் ஒலி 968 இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டு ஓடும்போது எடுத்த பேச்சை வெட்டி ஒட்டினால் பாட்டு குதிக்கும். அந்தப் பாட்டுக்குப் பதிப்புரிமையும் வேறு இருக்கிறது.

ஐஸ்கிரீம் பெட்டியின் உறுமலும் பதிவில் கேட்கும். கடைக்காரர் சம்மதித்தால் பத்து நிமிடம் நிறுத்தலாம். நிறுத்தினால் உங்கள் வீட்டுச் சாவியை அந்தப் பெட்டியின் மேல் வைத்துவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பெட்டியைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். கடைசியாக, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் உதவும்.

ஆறாம் படி: படப்பிடிப்பு

பேட்டியில் “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டால் யாருக்கும் பேச வராது. “காலையில கடையைத் திறந்ததும் முதல் வேலை என்ன?”, “சின்ன வயசுல இங்க மிட்டாய் வாங்கினவங்க யாராவது இப்ப பிள்ளையோட வர்றாங்களா?” என்று கேளுங்கள். கேட்டபின் அமைதியாக இருங்கள். அவர் பதிலை முடித்ததும் மூன்று விநாடி காத்திருந்தால், அதற்குப் பிறகு வருவதுதான் பல நேரம் படத்தில் நிற்கும்.

ஒவ்வொரு செயலையும் அகலமாக ஒன்று, கைகள் மட்டும் ஒன்று, முகம் ஒன்று, அவர் கண்ணுக்குத் தெரிவது ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். கடன் நோட்டு, சில்லறைப் பெட்டி, பழைய நாள்காட்டி, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளின் கால்கள் எல்லாம் இதில் வரும். பிள்ளைகளின் முகம் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். பிற்பகல் இடிமழை நம் ஊரில் வழக்கம், வானிலை காட்டும் மைஈஎன்வி செயலியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழை வந்தால் அதையும் எடுங்கள், மழையில் மாமா கடை அவ்வளவு அழகு.

அன்று இரவே கோப்புகளை இரண்டு இடத்தில் படியெடுங்கள். இரண்டும் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கைபேசியில் அழியுங்கள்.

ஏழாம் படி: தொகுப்பு

டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு மாணவருக்குத் தாராளம். திறக்குமுன் பேட்டியை முழுக்கக் கேட்டுத் தாளில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் படம் உருவாவது அங்கேதான். எந்த வரி முதலில், எந்த வரி கடைசியில் என்று தாளிலேயே முடிவு செய்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். முதலில் பேச்சை மட்டும் அடுக்கி, கண்ணை மூடிக் கேளுங்கள். கதை புரிகிறதா? புரிந்தால் மேலே காட்சிகளை வையுங்கள். அப்புறம் ஒலி, கடைசியில் நிறம்.

பத்து நிமிடம் வந்தால் ஐந்தாகக் குறையுங்கள். உங்களுக்குப் பிடித்த காட்சி என்பதற்காக எதையும் வைத்திருக்க வேண்டாம். துணையெழுத்து கட்டாயம். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கும் சீன ஆன்ட்டிக்கும் அந்தக் கடை சொந்தம்தானே, அவர்களுக்கும் படம் புரிய வேண்டும். ஆனால் கடைக்காரர் பேசும் தமிழை அப்படியே விடுங்கள். நடுவில் ஒரு மலாய்ச் சொல், ஓர் ஆங்கிலச் சொல் வரும். சிங்கப்பூர்த் தமிழ் அப்படித்தான் ஒலிக்கும், அதைத் திருத்தி மறுபடி பேசச் சொல்லாதீர்கள். சினிமாப் பாட்டை அனுமதியில்லாமல் பின்னணியில் போடாதீர்கள். கல்லூரியில் இசை கற்கும் நண்பரை இரண்டு நிமிடம் வாசிக்கச் சொன்னால் இருவருக்கும் ஒரு படைப்பு ஆயிற்று.

எட்டாம் படி: புகைப்பட வரிசை

படத்துக்காக எடுத்த காணொளியிலிருந்து ஃபிரேம்களைப் பிடுங்கி வரிசை செய்ய முடியாது. தனியாக ஒரு நாள் ஒதுக்கி, ஒரே லென்ஸில் எடுங்கள். சிறிய அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பி, ஒன்றுக்கொன்று பக்கத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஒன்பதாம் படி: காட்டுவது, பார்ப்பது

முடித்ததும் உடனே யூடியூபில் ஏற்றாதீர்கள். இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. இளையர்களுக்கென்றே ஸ்கேப் அமைப்பு நடத்தும் தேசிய இளையர் திரைப்பட விருதுகள் இருக்கின்றன. 1987ல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தென்கிழக்காசியக் குறும்படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. இங்கே தமிழரான இயக்குநர் கே. ராஜகோபால் குறும்படங்களில் தொடங்கியவர். அவருடைய முதல் முழுநீளப் படம் 2016ல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. பொதுவில் திரையிடும் படங்களுக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு தேவை. ஜி முதல் ஆர்21 வரை ஆறு பிரிவுகள். விழாவில் ஏற்பாட்டாளர்கள் கவனித்துக்கொள்வார்கள். சமூக மன்றத்தில் நீங்களே திரையிடுவதானால் முன்கூட்டியே விதிகளைப் பாருங்கள்.

மற்றவர்களின் படைப்பைப் பார்க்காமல் கண் வளராது. மிடில் ரோட்டில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் ஆப்ஜெக்டிஃப்ஸ் மையத்தில் கண்காட்சிகளும் திரையிடல்களும் பயிலரங்குகளும் நடக்கின்றன. 2005ல் தொடங்கிய ஆசியத் திரைப்படக் காப்பகம், கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் அரங்கில் படங்கள் திரையிடுகிறது. எஸ்பிளனேட் நூலகத்தில் திரைப்பட நூல்கள் காத்திருக்கின்றன, செலவே இல்லை.

பத்தாம் படி: பணமும் உரிமையும்

படம் நாலு பேர் கண்ணில் பட்டதும் உறவினர் கல்யாணம், நிச்சயதார்த்தம், காதுகுத்து என்று அழைப்பு வரும். “நம்ம பிள்ளைதானே, சும்மா எடுத்துக் கொடேன்” என்பார்கள். நெருங்கிய சொந்தத்துக்கு ஒருமுறை அன்பளிப்பாகச் செய்யுங்கள், தவறில்லை. அதன்பிறகு விலை சொல்லுங்கள். விழா எத்தனை மணி நேரம், அதற்குப்பின் தொகுக்க எத்தனை மணி நேரம், போக்குவரத்து, வாடகைக் கருவி எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னால் கேட்பவருக்கும் புரியும். பாதித் தொகையை முன்பணமாக வாங்குங்கள்.

2021 நவம்பர் 21ல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுத்தவரே உரிமையாளர். முன்பு புகைப்படங்களில் அது எடுக்கச் சொன்னவருக்குப் போனது. நிறுவனத்தில் ஊழியராக வேலை பார்த்து எடுத்தால் பொதுவாக முதலாளிக்கே சொந்தம். கல்லூரிப் பாடத்துக்காகக் கல்லூரிக் கருவியில் எடுத்தவை யாருக்கு என்பதைக் கல்லூரி விதியில் படித்துக்கொள்ளுங்கள். எந்த வேலையானாலும் எத்தனை படம், எந்த நாளுக்குள், எங்கே பயன்படுத்தலாம், உங்கள் பெயர் எப்படி வரும் என்ற நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, “சரி” என்று பதில் வாங்கிய பிறகு கேமராவை எடுங்கள். தேசிய சேவைக்குப் போகும் தம்பிகள் கிளம்புமுன் எல்லாக் கோப்புகளையும் ஒழுங்குபடுத்தி, கையெழுத்து வாங்கிய தாள்களோடு ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த டிஸ்க் உடனே தேவைப்படும்.